கிட்ட வராத பிள்ளை

மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சோர்வு என்றால் என்னவென்று நாகஜோதிக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் அறிந்ததெல்லாம் அசதிதான். நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்து நைட்டி தைத்துவிட்டு எழுந்தால் இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும். ஒரு தூக்கம் போட்டால் காலையில் சரியாகிவிடும். இது அப்படியில்லை. தூங்கி எழுந்தால் தூங்கினதே ஒரு வேலை மாதிரி உடம்பு கனத்தது. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிட்டது. வைகாசி வெயிலில் ராஜபாளையமே வெந்துகொண்டிருக்க, அவள் மட்டும் குளிருகிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

நாலைந்து மாதத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தது அவளுடைய மகள் கனிஷ்காதான். மூன்றரை வயது. பக்கத்தில் படுத்து அம்மாவின் கழுத்தை நோண்டிக்கொண்டிருந்தவள், "ஏம்மா, பந்த முழுங்கிட்டியா? இங்கன நிக்கி" என்றாள். நாகஜோதி சிரித்தாள். மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தபோது, தொண்டைக் குழிக்குச் சற்று மேலே ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. அப்போது சிரிப்பு வரவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு கேன்சர் என்றார்கள். டாக்டர் நல்ல மனுஷி. "பயப்படாதம்மா. இருக்குற கேன்சர்லயே இதுதான் நல்ல கேன்சர்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவளுடைய கணவன் ராம்குமார் ஆறுதலுக்காக எல்லோரிடமும் அதையே சொன்னான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே திருப்பி அவளிடம் சொன்னார்கள். "ஒனக்கு நல்லதுதான வந்திருக்காம், பொறவென்ன?" மாசி மாதம் ஆபரேஷன் செய்து சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். தலைமுடி கொட்டவில்லை, உடம்பு இளைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஊதித்தான் போனது. கழுத்தில் ஒரு தழும்பைத் தவிரக் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. குரல் மட்டும் போயிருந்தது. பேசினால் வார்த்தைக்குப் பதிலாக முக்கால்வாசி காற்றுதான் வந்தது. நரம்பு அலுங்கியிருக்கிறது, மெல்ல வரும் என்றார்கள்.

எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். இப்போது அடுத்த வைத்தியத்துக்காக அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பால், முட்டை, மீன், பாக்கெட் உப்பு எதுவும் தொடக் கூடாது. "அங்கங்க ஒட்டியிருக்குற மிச்சம் மீதியப் பசியோட வச்சிருக்கணும்மா. அப்பதான் நாம குடுக்குற மருந்த வாரி முழுங்கும், முழுங்கிச் சாவும்" என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தாள். பசியோடு கிடந்தது நாகஜோதியும்தான். கடுங்காப்பியும் கஞ்சியும் குடித்து வாய் செத்துப் போனது.

அந்த மருந்து கதிர் வீசுகிற மருந்து. குடித்தவளுடைய உடம்பிலிருந்தும் கொஞ்ச நாளைக்குக் கதிர் வீசும். ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் தனித் தட்டு, தனிப் படுக்கை, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பெரியவர்கள் எட்டி நின்று பேசலாம். "சின்னப் பிள்ளையும் மாசமா இருக்கவங்களும் நாங்க சொல்றவரைக்கும் கிட்டவே வரக் கூடாது. மடியில வச்சுக்கிறது, கட்டிப் புடிக்கிறது, ஒண்ணாப் படுக்கிறது, எதுவும் ஆகாது" என்றாள் டாக்டர்.

பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. முன்பக்கம் ஒரு முற்றம், அதை ஒட்டி ஓர் அறை, ஓர் அடுப்படி. அதற்குள் ஒரு பிள்ளையை அம்மாவிடம் போகாதே என்று எப்படிக் கட்டி வைப்பது? ஸ்ரீவில்லிபுத்தூரில் நாகஜோதியின் அண்ணன் பாண்டிச்செல்வம் இருந்தான். மதினி பானுப்பிரியா தானே போன் போட்டாள்.

"ஜோதி, பிள்ளைய இங்க விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன். அங்க வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சீரழிய வேண்டாம்."

ராம்குமார் தன்னுடைய குட்டியானை லோடு வண்டியில் நைட்டி மூட்டைகளுக்கு நடுவே கனிஷ்காவின் துணிப்பையையும் வைத்து, அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். நாகஜோதி வாசல்வரை வந்து நின்றாள். பிள்ளை கையை ஆட்டிவிட்டு ஆரன் அடிக்கிற சந்தோஷத்தில் போய்விட்டது. அழுகிற அளவுக்கு நாகஜோதிக்குத் தெம்பில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

*

ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல் உயரத்தில் இருந்தது. முழுக்கவசம் போட்ட ஒருவர் ஒரு கனத்த டப்பாவைத் திறந்து, உள்ளிருந்த மருந்தை அவள் குடிக்கிறவரை தள்ளி நின்றார். குடித்ததும் கதவு சாத்தப்பட்டது. சாப்பாடு வாசலுக்கு வந்தது. குடித்த மருந்து வெளியேற வேண்டும் என்று பானை பானையாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். கன்னத்துக்கடியில் வீங்கி வலித்தது. எதைத் தின்றாலும் செம்புக் காசை வாயில் போட்டுக்கொண்டது போல ருசித்தது. அவள் அதிகம் யோசிக்கவும் இல்லை. யோசனைக்கும் தெம்பு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாள். ஆனால் விட்டுப்போன தெம்பு மாத்திரையை விழுங்கியதும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. ராம்குமார் காலையிலேயே சோறு பொங்கி, ரசம் வைத்து, அறை வாசலில் வைத்துவிட்டு லோடுக்குப் போவான். முற்றத்தில் படுத்துக்கொள்வான். எதிரெதிரே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அவன், "ஏ ஜோதி, கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த மாதிரி இருக்கு" என்றான். அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிள்ளையோடு பேசுவதுதான் முடியவில்லை. வீடியோ காலில் பானுப்பிரியா போனைப் பிடிக்க, கனிஷ்கா எட்டிப் பார்ப்பாள். நாகஜோதி, "கனி, சாப்டியாம்மா?" என்பாள். அந்தப் பக்கம் பிள்ளையின் முகம் சுருங்கும்.

"இது அம்மா இல்ல."

"அம்மாதான்டா தங்கம். அம்மாவுக்குத் தொண்ட கட்டியிருக்கு."

"இது வேற ஆளு. பேய் மாதிரி பேசுது. அத்த, ஆஃப் பண்ணு."

அதற்கப்புறம் நாகஜோதி போனில் பேசாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள்.

அப்படி ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு மத்தியானம். ராம்குமார் தளவாய்புரத்துக்கு லோடு எடுக்கப் போயிருந்தான். நாகஜோதி ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம். கண்ணைத் திறந்தால், பானுப்பிரியா கனிஷ்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

"பயப்படாத ஜோதி, உள்ள வரல" என்று தெருவிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னாள். "நேத்துலருந்து காய்ச்சல். ஒரு வாய் எறங்கல. அம்மா அம்மான்னு ஒரே அழுக. தூரத்துலருந்து காட்டிட்டுக் கூட்டிப் போயிருதேன். ஒங்கிட்டச் சொன்னா வேண்டாம்ப, அதான் சொல்லாம வந்தேன்."

நாகஜோதி எழுந்து வாசலுக்கு வந்தாள். பிள்ளை இளைத்திருந்தது. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அதன் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி அத்தையின் இடுப்பிலிருந்து மீன் மாதிரி வழுக்கி இறங்கிவிட்டது. கம்பிக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் ஓடி வந்தது.

"வராத! கனி, கிட்ட வராத!" என்று நாகஜோதி கத்தினாள். காற்றுதான் வந்தது. பிள்ளைக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தது. தூக்கு என்று வருகிற பிள்ளை. நாகஜோதி பின்னால் நகர்ந்தாள், நிலைப்படி தட்டியது, உள்ளே போய் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சாத்திய கதவில் பிள்ளையின் கை வந்து மோதியது. ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப. "அம்மா, கதவத் தெற. அம்மா, நான்தான். அம்மா, நான்தான்."

கதவுக்குப் பின்னால் நிற்கக்கூட நாகஜோதி பயந்தாள். பலகையைத் தாண்டிக் கதிர் போகுமோ என்னவோ, யாரைக் கேட்பது? அறையின் கடைசி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

பானுப்பிரியா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். சத்தம் தள்ளிப் போனது. போகிற போக்கில் மதினியின் குரல், அழுகையும் ஆத்திரமுமாக, ஜன்னல் வழியே வந்தது.

"ஒரு தொடு தொட்டா என்னாயிரப் போவுது ஜோதி? இப்பிடிக் கதவ அடைக்க எப்பிடி மனசு வந்துச்சு ஒனக்கு?"

ஒரு தொடு தொட்டால் என்ன ஆகும் என்று நாகஜோதிக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் தன் கழுத்தில் வந்தது நாளைக்கு அந்தக் கழுத்திலும் வந்துவிட்டால் என்கிற பயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை மதினியிடம் விளக்கிச் சொல்லக் குரலும் இல்லை, தெம்பும் இல்லை. சாயங்காலம் ராம்குமார் வந்தபோது ரசம் மூடி வைத்தபடியே இருந்தது. நடந்ததை அவனிடம் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாள். அவன் ரசத்தைச் சூடு பண்ணித் திரும்பவும் அறை வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

*

ஆனி மாதத்தில் ஒரு நாள் மதுரைக்குப் போனபோது, ஒரு கருவியை அவள்மேல் காட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார்கள். ஸ்கேனில் கழுத்துக்குள் ஒரு பொட்டு தெரிந்தது. மருந்து அதைச் சாப்பிட்டுவிடும், ஆறு மாதம் கழித்து வா என்றார்கள். ராம்குமார் அங்கிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியைத் திருப்பினான். நாகஜோதி வழியெல்லாம் தலையைக் கண்ணாடியில் சாய்த்தே வந்தாள். அந்தச் சோர்விலும், இன்றைக்குப் பிள்ளை மடியில் இருக்கும் என்கிற ஒரு நினைப்பு மட்டும் தூங்காமல் இருந்தது.

கனிஷ்கா அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"வா கனி. அம்மாவுக்குச் சரியாயிருச்சு."

பிள்ளை வரவில்லை. நாகஜோதி ஓரடி முன்னால் வைத்ததும் அது ஓரடி பின்னால் வைத்தது. அழவில்லை, முறைக்கவில்லை. ரோட்டில் வண்டி வந்தால் ஒதுங்குவது போல ஒதுங்கியது. வண்டியில் அப்பாவுக்கு அந்தப் பக்கம்தான் உட்காருவேன் என்றது.

வீட்டிலும் அப்படியே. அப்பா ஊட்டினால் சாப்பிட்டது. அப்பா குளிப்பாட்டினால் குளித்தது. அம்மாவிடம் பேசாமல் இல்லை. பேசியது, தூரத்திலிருந்து. சாப்பிடும்போது தன் தட்டை இழுத்துக்கொண்டு போய் அறையின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தது. நாகஜோதி தெரியாமல் அதன் தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டால், "இது ஒன் தம்ளர்" என்று அவளிடமே நகர்த்தி வைத்துவிட்டு வேறு தம்ளர் கேட்டது. விளையாடும்போது பொம்மையைச் சுவரோரம் தனியாகப் படுக்க வைத்து, "பாப்பா, யாரும் கிட்ட வராதீங்க என்ன" என்று மற்ற சாமான்களிடம் சொன்னது. மிஷினில் ஒரு கழுத்துப் பட்டி தைத்து முடிப்பதற்குள் நாலு தரம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாகஜோதி, அதையும் பார்த்தாள்.

"விடு ஜோதி. பிள்ளதான, மறந்துரும்" என்றான் ராம்குமார்.

"எத மறக்கும்? நான் கதவச் சாத்துனதையா, இல்ல என்னையவா?"



வலுக்கட்டாயமாகத் தூக்கியும் பார்த்தாள். பிள்ளை உடம்பை விறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி, இறக்கி விடுகிறவரை கண்ணை இறுக மூடியிருந்தது. அதற்குப் பிறகு தூக்கவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு வரச்சொல்லி அண்ணன் கூப்பிட்டான். கூட்டத்தில் நிற்கத் தன்னால் ஆகாது என்று, தேர் முடிந்து இரண்டு நாள் கழித்துப் போனாள். ராம்குமாருக்கு லோடு இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தனியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியது அன்றைக்குத்தான். ஜன்னலோரம் பிள்ளை, நடுவில் ஒரு பை, இந்தப் பக்கம் அவள். பையை நடுவில் வைத்தது பிள்ளைதான்.

மதினி வீட்டில் கால் வைத்ததும் கனிஷ்கா ஓடிப்போய் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாகஜோதி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். முகத்தை மாற்றிக்கொள்ளவும் ஒரு பிரயாசை வேண்டும். அது அவளிடம் இல்லை. பானுப்பிரியா பிள்ளையை மாடிக்கு விளையாட அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்கிட்ட இன்னும் வரலையா?"

நாகஜோதி தலையை ஆட்டினாள்.

பானுப்பிரியா செத்த நேரம் சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நான்தான் ஒண்ணு சொல்லிட்டேன் ஜோதி. அன்னிக்கு ஆட்டோவுல அந்த அழுக அழுதா. அம்மா ஏன் கதவ அடச்சான்னு கேட்டுக் கேட்டு அழுதா. நான் என்னத்தச் சொல்ல? அம்மா மேல மருந்து பூசியிருக்கு, நீ தொட்டா ஒனக்கும் பெரிய ஊசி போட்டு, ஒன்னையவும் தனியா ரூம்புல போட்டுப் பூட்டிருவாகன்னு சொல்லிட்டேன். அதோட அழுகைய நிறுத்திட்டா. இப்பிடிப் புடிச்சுக்கிருவான்னு நெனைக்கல."

கோபம் வர வேண்டிய இடம்தான். நாகஜோதி அது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. இத்தனை நாள் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டின கை எதிரே முந்தியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"பயத்துலதானா?" என்றாள் கரகரத்த குரலில். "என்னையப் பிடிக்காம இல்லையே?"

"ஏட்டி, கிறுக்கச்சி. தெனமும் ராத்திரி ஒன் போட்டோவ வச்சுக்கிட்டுத்தான் தூங்கினா."

பானுப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு ஒன்னையப் பேசுன பேச்சுக்கு நான்..."

"விடுங்க மதினி. எனக்குக் காப்பி போடுங்க. பால் ஊத்தி."

*

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். தேர் பார்க்க வந்து தங்கிவிட்டுப் போகிற சனம். ஒற்றை இடம்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் கனிஷ்கா அம்மாவின் முழங்காலின் நுனியில், இப்போது விழுவேனா அப்போது விழுவேனா என்று உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. மாமா தேரடிக்குக் கூட்டிப் போய் ரோஸ்மில்க்கும், அதற்கு மேல் பால்கோவாவும் வாங்கிக் கொடுத்திருந்தான். பஸ் ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் பிள்ளையின் முகம் மாறியது.

"என்னடா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ரோஸ்மில்க் அப்படியே நாகஜோதியின் மடியில் வந்து விழுந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். முன்னால் நின்ற அம்மாள் சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். யாரோ, "பிள்ளைய ஜன்னல் பக்கம் காட்டும்மா" என்றார்கள். நாகஜோதி காட்டவில்லை. ஒரு கையால் பிள்ளையின் நெற்றியைத் தாங்கி, மறுகையால் முதுகைத் தடவினாள். பிள்ளை ஓய்ந்துபோய் அவள் நெஞ்சில் சாய்ந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிய பிறகுதான் தான் எங்கே சாய்ந்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பு விறைத்தது.

"தொட்டுட்டேன்" என்று அழ ஆரம்பித்தது. "அம்மா, தொட்டுட்டேன். எனக்கு ஊசி போடுவாங்களா? ரூம்புல போட்டுப் பூட்டுவாங்களா?"

"இல்லம்மா. மருந்தெல்லாம் போயிருச்சு. எல்லாம் மூத்திரத்தோட போயிருச்சு."

பிள்ளை அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. "மூத்திரத்தோடயா?"

"ஆமா. அம்மா எம்புட்டுத் தண்ணி குடிச்சேன் தெரியுமா? ஒரு பானத் தண்ணி. ஒண்ணுக்கு இருந்து இருந்தே எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை யோசித்தது. அத்தை சொன்னதைவிட இது அதற்கு நம்பும்படியாக இருந்தது போலும்.

"அப்பக் கதவச் சாத்துனது?"

நாகஜோதி பிள்ளையின் வாயை முந்தியால் துடைத்தாள். "அப்ப மருந்து உள்ளதான் இருந்துச்சு. ஒம்மேல பட்டுரக் கூடாதுன்னு சாத்துனேன். நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. நான் உள்ளதான் இருந்தேன்."

"நான் ரொம்ப நேரம் தட்டுனேன்."

"ஆமா. ரொம்ப நேரம் தட்டுன."

 சமாதானம் ஆனதா இல்லையா என்று சொல்ல முடியாத முகத்தோடு பிள்ளை திரும்பவும் சாய்ந்துகொண்டது. மடியெல்லாம் ஈரம், புளித்த பால் வாடை, சாரல் காற்று ஜன்னல் வழியே அடித்தது. பிள்ளையின் கனத்தில் நாகஜோதியின் தொடை மரத்துப் போனது. ராஜபாளையம் வருகிறவரை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும் கனிஷ்கா கீழே இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ச்சீ. ஒம்மேல நாறுதும்மா. போ அங்கிட்டு."

நாகஜோதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடைந்த குரலில் அந்தச் சிரிப்பு சரியாகவும் வரவில்லை, இருமலில் போய் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாத்தம் என்னுதா? ஒன்னுதுட்டி."

"என்னுது இல்ல. ஒன்னுது."

இருவரையும் கழுவ வேண்டும். சேலையை அலச வேண்டும். உலை வைக்க வேண்டும். நினைக்கவே உடம்பு தளர்ந்தது. அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, ராம்குமாருக்குப் போன் போட்டு, வரும்போது பரோட்டா வாங்கிவரச் சொன்னாள். பிள்ளை முற்றத்துத் தொட்டியிலிருந்து ஒரு கப் தண்ணீரை மோந்துகொண்டு, சிந்திச் சிந்தி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.